வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேற வழி உண்டா? மலையில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் அது நடக்குமா?

நடக்கும். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று நாள் குறித்துச் செய்கிற கேஸ்கள்தான் எங்களிடம் அதிகம்.

ஆபரேஷன் ஆனவரைச் சீக்கிரம் தேறவைக்கிற இந்த முறையை 1990களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் தொடங்கிவைத்தார். இதில் செய்கிற வேலைகளில் பாதிக்கு மேல் காசே ஆகாதவை. பட்டினியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கேஸ் மதியத்துக்குத் தள்ளிப்போனால் கொழுந்து பறிக்கிற அக்கா பதினைந்து மணி நேரம் நாக்கு வறண்டு கிடப்பார். இப்போது சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பு நிறுத்துகிறோம். தண்ணீரும் சர்க்கரை போட்ட, பால் விடாத டீயும் 2 மணி நேரம் முன்புவரை உண்டு. (டீக்கு இங்கே பஞ்சமா?) பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு. குடல் அடைப்பு, எமர்ஜென்சி கேஸுக்கு இது பொருந்தாது. சர்க்கரை நோயாளிக்கு மயக்க டாக்டர் சொல்வதுதான்.

முடிந்த பிறகு, "காத்து பிரிஞ்சாத்தான் கஞ்சி" என்று மாமியார்கள் காவல் நிற்பார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள், குமட்டல் இல்லையென்றால், அன்று சாயங்காலமே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். மறுநாள் காலை யூரின் டியூபை எடுத்து, நடக்கவைக்கிறோம். வலியோடு யாரும் நடக்கமாட்டார்கள். அதனால் பாராசிட்டமாலை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நேரம் குறித்துத் தருகிறோம், தையல் இடத்தில் மரப்பு ஊசியும் உண்டு. இவற்றால் மார்ஃபின் வகை வலி ஊசி குறைந்தால் குடலும் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும்.

குளிர்தான் எங்களுக்குப் பெரிய வேலை. உடம்பு குளிர்ந்தால் ரத்தக்கசிவும் கூடும், புண்ணில் சீழும் பிடிக்கும். தியேட்டரில் முன்கூட்டியே ஹீட்டர் போடுவோம். வீட்டிலிருந்து குல்லா, சாக்ஸ், கம்பளி கொண்டுவரச் சொல்வோம். வெந்நீர்ப் பை மட்டும் வேண்டாம். முதுகில் ஊசி போட்டவருக்குக் கால் மரத்திருக்கும், பொசுங்கினாலும் தெரியாது. பாசத்தில் மகள் வைத்த பையால் கொப்பளித்த கால் ஒன்றுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை: சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது. டவுனில் இருப்பவர் இரண்டாம் நாள் போகட்டும். எஸ்டேட் லைன் வீட்டுக்கு ராத்திரி பஸ் ஏது? காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, கெண்டைக்கால் வீக்கம் என்று வந்தால் ஜீப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். அவர்களை இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் நானே போய் நிற்பேன். பெட் காலியாக இருந்தால் சரி என்பார்.