பால் பல் என்று விட்டுவிடாதீர்கள்
ஐந்து வயது மகளுக்குக் கடைவாயில் பழுப்புப் புள்ளி, விழப்போகிற பால் பல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பல் 6, 7 வயதில் விழும், சரி, ஆனால் கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருந்து அடியில் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது, அதனால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நானும் இப்படித்தான் விட்டேன். ஒருநாள் ராத்திரி மகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். படுக்கும் முன் மைலோ மாதிரி இனிப்புப் பானம் குடிக்கிறாளா? முதலில் அதை நிறுத்துங்கள். ஃபுளோரைடு பற்பசை பட்டாணி அளவு, நீங்களே தேய்த்துவிடுங்கள், துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். (சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறதே என்பார் என் மாமியார்; அது மட்டும் போதாது.) தொடக்கப்பள்ளியில் சேர்ந்ததும் பள்ளிப் பல் கிளினிக்கில் பார்ப்பார்கள், ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மூடும் சீலன்ட் வேண்டுமா என்று அப்போது கேளுங்கள்.