போரில் இறந்தவர்கள் பற்றி அரசும் தலைவர்களும் சொல்லும் கணக்கை நம்ப முடியுமா?

2009-இல் இலங்கையின் வடக்கே வன்னியில், அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த இறுதிப் போரை வைத்துத்தான் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். செத்தவர்களைப் பற்றி அரசு என்ன சொன்னது என்று பார்க்கும் முன், உயிரோடு இருந்தவர்களை எப்படி எண்ணியது என்று பாருங்கள். எனக்கு நம்பிக்கை போனது அங்கேதான்.

அந்த ஆண்டு தொடக்கத்தில், சனம் முல்லைத்தீவுக் கரையோரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, போர்ப் பகுதிக்குள் இருப்பது 70,000 பேர்தான் என்று கொழும்பு அரசு சொன்னது. போர் முடிந்து ஜூலையில் முகாம்களில் எண்ணியபோது வெளியே வந்திருந்தவர்கள் 2,82,380 பேர். நான்கு மடங்கு! இது வெறும் கணக்குப் பிழை இல்லை. ஆட்களைக் குறைத்துச் சொன்னால் அரிசியையும் மருந்தையும் குறைத்து அனுப்பலாம்; அதுதான் நடந்தது. இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள், இல்லாமல் போனவர்களைச் சரியாக எண்ணியிருப்பார்கள் என்று எப்படி நம்புவது?

பொதுமக்களுக்கு இழப்பே இல்லாத நடவடிக்கை என்றுதான் அப்போது சொன்னார்கள். காயப்பட்டவர்கள், இறந்தவர்கள் தொகையை உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்த அரச வைத்தியர்களைத் தடுப்பில் வைத்து, ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன் கொண்டுவந்து, தாங்கள் கூட்டிச் சொன்னதாகச் சொல்ல வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2011 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையே பொதுமக்கள் இழப்பை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது.

நான் மதிக்கும் கணக்கு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது. அவர் புதிதாக எதையும் எண்ணவில்லை. 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குப்படி 4,29,059. வெளியே வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பதிவில் பிழை இருக்கலாம், சிலர் வேறு வழியாகத் தப்பியிருக்கலாம். அப்படியென்றால் அதை ஊர் ஊராக விளக்க வேண்டியது அரசின் வேலை. இன்றுவரை விளக்கவில்லை. ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் 40,000 வரை இறந்திருக்கலாம் என்றது. அடுத்த வருடம் வந்த ஐ.நா.வின் உள்ளக அறிக்கை 70,000-க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது.

எங்கள் பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதை அங்கிருந்து வந்தவர்களே சொன்னார்கள். 2009 மே மாதம், புலிகளின் தலைவர் பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று அறிவித்த அதே செல்வராசா பத்மநாதன் (புலிகளின் வெளிநாட்டுத் தொடர்பாளர்), சில நாட்களில், 24-ஆம் தேதி, அவர் இறந்ததை ஒப்புக்கொண்டார். அப்புறமும், 2023-இல், தமிழ்நாட்டுத் தலைவர் பழ. நெடுமாறன் தஞ்சாவூரில் பிரபாகரன் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். பிள்ளை திரும்பி வருமா என்று காத்திருக்கும் ஒரு தாய்க்கு இப்படியான பேச்சு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் சின்னம்மாவிடம் இரண்டு நிவாரண அட்டைகள் இருக்கின்றன. வன்னியில் கொடுத்த பழையதில் ஆறு பெயர்கள். தண்ணீர் பட்டு நீல மை பரவியிருக்கும். முகாமில் கொடுத்த புதியதில் நான்கு. சித்தப்பாவும் மூத்த மகனும் இல்லை. "தம்பி, ரெண்டு பேரைக் குறைச்சு எழுதினவை, ஏன் குறைஞ்சது எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை" என்பார்.

காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய சொன்னார். எங்கே, எப்படி, யார் கையால் என்று சொல்லவில்லை. சின்னம்மா அந்தப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இரண்டு அட்டைகளையும் ஒரே பொலித்தீன் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். யாராவது விசாரிக்க வந்தால் பழையதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.