ஆண்ட்ராய்டு இலவசம் என்றால் கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பதினோராயிரம் ரூபாய்க்குப் புது போன் வாங்கினேன். லாக் ஸ்கிரீனில் விளம்பரம், நான் கேட்காத ஆப்கள் வேறு. கடைக்காரரைக் கேட்டால், "ஆண்ட்ராய்டு ஃப்ரீதானே சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். உண்மையா? இதையெல்லாம் நிறுத்த முடியுமா?

பதில்: அவர் சொன்னது பாதி சரி. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அமேசானின் ஃபயர் டேப்லெட்டெல்லாம் அப்படி வந்ததுதான். ஆனால் பிளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப் எதுவும் அதில் சேராது, அவற்றுக்குத் தயாரிப்பாளர் கூகுளுடன் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். பிளே ஸ்டோர் இல்லாத போனை நம் ஊரில் யார் வாங்குவார்கள்? கூகுளின் பிடியே அங்கேதான். பிளே ஸ்டோர் கேட்டால் கூடவே தேடல் பெட்டி, குரோம் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றியாக வேண்டும் என்பது 2023 தொடக்கம் வரை இங்கே நிபந்தனை. நாம் தேடத் தேட கூகுளுக்கு விளம்பர வருமானம், ஆப்பில் டிஜிட்டல் பொருள் ஏதாவது வாங்கினால் 30 சதவீதம் வரை கமிஷன். இப்படிக் கட்டாயப்படுத்தியதற்காகத்தான் 2022 அக்டோபரில், வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நம் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த ஜனவரியில், தயாரிப்பாளர்கள் ஆப்களைத் தனித்தனியாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்று கூகுள் இந்தியாவுக்கு மட்டும் இறங்கி வந்தது.

சரி, உங்கள் லாக் ஸ்கிரீன் விளம்பரம்? அது பெரும்பாலும் கூகுள் வேலை இல்லை, போன் கம்பெனியுடையது. போனை விற்பதில் நிற்கும் லாபம் கொஞ்சம்தான். ஹார்டுவேரில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று ஷாவோமி 2018-இல் வெளிப்படையாகவே சொன்னது. மிச்சத்தை விளம்பரத்திலும், ஆப்களை முன்கூட்டியே ஏற்றித் தருவதிலும் பார்க்கிறார்கள். ஆக, உங்களுக்கு விலையில் குறைந்தது இப்படித்தான் வசூலாகிறது. ஆனால் பெட்டியின் மேல் இதை ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதிக்குப் போய் 'கிளான்ஸ்' (லாக் ஸ்கிரீனில் செய்தியும் விளம்பரமும் காட்டும் சேவை) என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணைத்துவிடுங்கள். அப்புறம் கூகுள், விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். விளம்பரம் நிற்காது, ஆனால் ஆப்கள் அந்த எண்ணை வைத்து உங்களைத் தொடர முடியாது. வேண்டாத ஆப்பில் சிலவற்றுக்கு அன்இன்ஸ்டால் வராது, டிசேபிள்தான் வரும். அதையே அழுத்துங்கள், இடம் முழுசாகத் திரும்பக் கிடைக்காது, நோட்டிஃபிகேஷன் தொல்லையாவது போகும்.