ஒசாகா: முதல் முறை போகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: இரண்டே நாள்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் தங்கலாம்?

நம்பா பக்கம். கான்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் (Nankai) என்ற தனியார் நிறுவனத்தின் ரயில் நேரே அங்கே வந்து நிற்கும், கால்வாய்க் கரையில் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தோதொன்போரிக்கு நடந்தே போகலாம். அப்புறம் மிதோசுஜி மெட்ரோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1933இல் தொடங்கிய சிவப்பு நிறப் பாதை அது. புல்லட் ரயில் நிற்கும் ஷின்-ஒசாகா, உமேதா, நம்பா, தென்னோஜி எல்லாம் அந்த ஒரே பாதையில் வரும். இரண்டு நாளுக்கு அது போதும்.

கேள்வி: உமேதாவில் வழி தவறாமல் இருக்க முடியாது என்கிறார்களே?

உண்மைதான். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்தின் பெயர் ஒசாகா. மெட்ரோவில் உமேதா, நிஷி-உமேதா, ஹிகாஷி-உமேதா என்று மூன்று. ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற தனியார் ரயில்களுக்கு ஒசாகா-உமேதா. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான், தரைக்கு அடியில் கடைத்தெருக்களால் இணைந்தே இருக்கின்றன. முதல் முறை போனபோது ஒரே ரொட்டிக் கடையை மூன்று தடவை கடந்தேன். கீழே போனில் வரும் வரைபடத்தை நம்ப வேண்டாம். போகும் இடத்துக்கு எந்த வாசல் எண் என்று முன்பே குறித்துக்கொண்டு, அந்த எண் போட்ட பலகைகளை மட்டும் பாருங்கள். குழம்பிவிட்டதா? கிடைத்த படியில் மேலே ஏறிவிடுங்கள். தெருவுக்கு வந்துவிட்டால் திசை பிடிபடும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. கோட்டையைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. அந்நாளில் ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை அழிந்துபோனது. இப்போது நிற்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது, உள்ளே அருங்காட்சியகமும் லிப்டும் இருக்கின்றன. பூங்கா பெரியது என்பதால் ரயில் நிலையத்திலிருந்து நடப்பதுதான் அவருக்குச் சிரமம். நடுவில் உட்கார வைத்து, மெதுவாகக் கூட்டிப் போங்கள்.

கோபுரத்தைவிட மதில்தான் எனக்குப் பெரிது. சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே சுவர் முழுக்க ஒரே கல் நிற்கும். தாகோ-இஷி, அதாவது ஆக்டோபஸ் கல். எடை சுமார் 108 டன் என்று மதிப்பிடுகிறார்கள். இடது கீழ் மூலையில் தெரியும் ஆக்டோபஸ் வடிவக் கறைதான் பெயருக்குக் காரணம். ஹிதேயோஷி குடும்பத்துக்குப் பின் வந்த தோகுகாவா ஆட்சியில், கிரேன் இல்லாத நாளில், கடல் வழியாகக் கொண்டுவந்த கல். அம்மாவை அதன் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள், அளவு புரியும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் காய்கறி மட்டும்தான் என்று கடைக்காரர் சொன்னதும் நம்பிவிட வேண்டாம். பிரச்சினை தாஷி. சூரை மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு அது. நம் மாசிக் கருவாடும் அதே வகைதான். உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பு, சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் எல்லாவற்றிலும் பெரும்பாலும் அது இருக்கும். ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடை மேல் மெல்லிய தாள் போலச் சூட்டில் நெளிந்து ஆடுகிறதே, அதுவும் அந்த மீன்சீவல்தான். 'மீன், இறைச்சி, முட்டை, தாஷி எதுவும் வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் விளக்குவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்பது?

ஒசாகாவில் வலப்பக்கம். டோக்கியோவில் இடப்பக்கம்.