நான்கு கதவு ஹெரால்டு: என்ஜினை விடுங்கள், சேஸியைப் பாருங்கள்

கொட்டகையில் கிடக்கும் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ஜின் சுற்றவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பதினைந்து வருடம் கொட்டகையில் நின்ற வண்டி என்கிறீர்கள். பெரும்பாலும் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து அந்தத் துளைகளில் ஊற்றி நான்கு நாள் விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். என்ஜின் அசையாவிட்டாலும் பரவாயில்லை, இதில் இருப்பது இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு காரின் 948 சிசி என்ஜின்தான்; அதற்கு அங்கே இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன.

சேஸி அப்படியில்லை. இந்த வண்டியில் பாடி தனி, சேஸி தனி; வண்டியைத் தாங்குவதே சேஸிதான். கீழே படுத்து, சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். புதுக் கறுப்பு பெயிண்டை நம்ப வேண்டாம். நான் பார்த்த ஒரு வண்டியில் பெயிண்டுக்கு அடியில் இரும்பு அப்பளமாக நொறுங்கியது. கதவு இடுக்கு மேலும் கீழும் ஒரே அகலத்தில் இல்லாவிட்டால் சேஸி தொய்ந்திருக்கலாம்.

இன்னொன்று, பின்கதவு இரண்டும் முழுசாக இருக்கிறதா? நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் மட்டுமே தயாரானது. அந்தக் கதவு இங்கிலாந்திலிருந்து வராது.

ஆர்சியில் உள்ள சேஸி எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பழங்கால வண்டிகளுக்கான வின்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.