கிண்டிலா, டேப்லட்டா? – கடிதம்

வணக்கம் சார்,

அடுத்த மாதம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இனியாவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ஆசை. நூலகம் தளத்திலிருந்தும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தும் இறக்கிய பழைய நூல்களும் இதழ்களும் கணினி நிறையக் கிடக்கின்றன. கண்ணுக்கு நல்லது, கிண்டில் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். மகனோ, கிண்டில் மாதிரியே தாள்போலத் தெரியும் ஈ-இங்க் திரையோடு, ஆனால் ஆண்ட்ராய்டு ஓடும் கருவி வாங்கினால் வாசிப்பு, வாட்ஸப், செஸ் எல்லாம் ஒன்றிலேயே முடிந்துவிடும் என்கிறான். வாங்கப் போவது ஒன்றுதான். எதை வாங்கலாம்?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

நான் கிண்டில் கட்சி. ஆனாலும் உங்களுக்கு டேப்லட்தான் சொல்வேன். திரை பத்து, பதினோரு அங்குலம் இருக்கட்டும்.

கண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் கணினியில் கிடப்பவற்றைப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களிலும் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து கீழே வராது, படம்தான் பெரிதாகும். ஆறு அங்குலக் கிண்டிலின் திரை சுமார் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். டெம்மி அளவுப் பக்கம் (சுமார் 14க்கு 21.5 செ.மீ.) ஒன்று அதற்குள் முழுதாக அடங்க வேண்டுமானால் எழுத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்போது வரும் ஏழு அங்குலக் கிண்டில் பேப்பர்வைட்டிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. சரி, விரலால் விரித்துப் பார்க்கலாமே என்றால், திரை ஒரு கணம் யோசிக்கும், ஒருமுறை கறுத்து வெளுக்கும், அப்புறம்தான் எழுத்து பெரிதாகும். வரியின் மறுபாதிக்கு வலப்பக்கம் தள்ள வேண்டும். மறுபடி அதே கூத்து. பழைய இதழ்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஈ-இங்க் திரைக்குத் தெரிந்தது 16 சாம்பல் நிறங்கள்தான். பழுப்பேறிய தாள் அதில் அழுக்குச் சாம்பலாக வரும், பின்பக்கத்து அச்சின் நிழலும் கூடவே வந்து ஒற்றும் புள்ளியும் எது, தூசு எது என்று தடவ வைக்கும். டேப்லட்டில் பழுப்பு பழுப்பாகவே இருக்கும், எழுத்து தனியாக நிற்கும்.

பத்து அங்குல ஈ-இங்க் கருவிகளும் உண்டு. 10.3 அங்குலத் திரை ஏறக்குறைய ஏ5 தாள் அளவு; டெம்மிப் பக்கம் சுருங்காமல் உட்காரும். ஆனால் அந்த விலைக்கு நல்ல டேப்லட் வாங்கி, மிச்சத்தில் புத்தகமும் வாங்கலாம்.

மகன் சொல்வதற்கு வருகிறேன். ஈ-இங்க் திரைக்குள் நுண்ணிய குமிழ்கள், அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் துகள்களை மேலே இழுக்கும், கீழே தள்ளும். நிறுத்தினால் அவை அங்கேயே நிற்கும். ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவது இதனால்தான். அசையும் படத்துக்கு அது லாயக்கில்லாததும் இதனால்தான். சாதாரண டேப்லட் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. துகள்கள் நீந்தி இடம் மாற அரை நொடி வரை வேண்டும். பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் வேக முறை இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் எழுத்து கரடுமுரடாகும், முந்தைய பக்கத்தின் ஆவி பின்னால் தங்கும். செஸ் ஆடலாம்; குதிரையை நகர்த்திய பிறகும் பழைய கட்டத்தில் ஒரு மங்கல் குதிரை நிற்கும், அவ்வளவுதான். சுடோகு, குறுக்கெழுத்துக்குப் பிரச்சினையே இல்லை. வாட்ஸப்பில் செய்தி படிக்கலாம். பேரப்பிள்ளை வீடியோவை மட்டும் அதில் பார்க்க உட்காராதீர்கள். வண்ண ஈ-இங்க் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பான். திரைமேல் வண்ண வடிகட்டி வைப்பதால் தாள் இன்னும் இருண்டுபோகும், வண்ணத்தின் கூர்மையும் கறுப்பு வெள்ளையில் பாதிதான். வேண்டாம்.

அப்படியென்றால் கிண்டில் யாருக்கு? ஓடும் எழுத்தாக, அதாவது பெரிதாக்கினால் வரி தானே மடிந்து கீழே வருவதாக, இருக்கும் புத்தகங்களை வாசிப்பவர்களுக்கு. 2016 இறுதியில் அமேசான் தமிழுக்குக் கதவு திறந்த பிறகு அங்கே வந்த நாவல்கள், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் தரும் ஈபப் மின்னூல் கோப்புகள், மதுரைத் திட்டம் 1998 முதல் தட்டச்சு செய்து சேர்த்துவரும் இலக்கியங்கள் எல்லாம் அந்த வகை. உங்கள் வாசிப்பு இதுவாக இருந்திருந்தால் யோசிக்காமல் கிண்டில் என்றிருப்பேன். நடு வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கண் விஷயத்தில் நண்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 2014 இறுதியில் ஹார்வர்டுகாரர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஐபேடை முழு வெளிச்சத்தில் வைத்து வாசித்தவர்கள், அச்சுப் புத்தகம் வாசித்த இரவுகளைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். பங்கேற்றவர்கள் 12 பேர்தான். வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மறக்காமல் கண் சிமிட்டுங்கள். எந்தத் திரையானாலும் உற்றுப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் இதழ் ஒன்றின் பக்கத்தை 9க்கு 12 செ.மீ. அளவில் அச்செடுத்து வாசித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை என்றால் டேப்லட்தான். நாவல் வேண்டுமென்றால் கிண்டில் செயலி அதிலும் ஓடும். வாட்ஸப்பை மட்டும் அதில் ஏற்றாதீர்கள், போனிலேயே இருக்கட்டும். செஸ் உங்கள் பாடு.