பழைய லெதர் ஜாக்கெட் தோளில் உட்காருமா? கேள்வி பதில்

ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் லெதர் ஜாக்கெட் வாங்குவதில் அளவு சம்பந்தமான சந்தேகங்களுக்கு மட்டும் இங்கே பதில். விலை நியாயமா, கஸ்டம்ஸ் எவ்வளவு வரும் என்பதெல்லாம் என் துறை இல்லை.

கேள்வி (கோவை): சார், என் மார்பளவு 40. விற்பவர் "சைஸ் எல், உங்களுக்குக் கச்சிதமா இருக்கும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: லேபிளை மறந்துவிடுங்கள். இத்தாலிக்காரர் 50 என்று போடுவதும் அமெரிக்கர் 40 என்று போடுவதும் ஒரே சைஸ். ஜப்பானிய எல் பெரும்பாலும் நம் எம் அளவுக்குத்தான் வரும். போதாததற்கு, பழைய தோல் முன்பு போட்டவரின் முதுகுக்கும் முழங்கைக்கும் ஏற்ப இழுபட்டிருக்கும்.

உங்களுக்குச் சரியாக இருக்கும் ஜீன்ஸ் ஜாக்கெட் ஒன்றை எடுங்கள். தரையில் விரியுங்கள். மெத்தை வேண்டாம், அமுங்கி அளவு மாறும். ஜிப் அல்லது பட்டனை முழுக்கப் போட்டு, சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி நீவுங்கள், இழுக்காதீர்கள். அக்குள் தையலுக்கு ஒரு இன்ச் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மார்பு. குப்புறத் திருப்பி, கை சேரும் தையலிலிருந்து மறுகைத் தையல் வரை தோள். அந்தத் தையலின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாகவே கை நுனி வரை கைநீளம். காலருக்கு அடியில் இருக்கும் தையலிலிருந்து கீழ் ஓரம் வரை முதுகு. காலரைச் சேர்த்து அளந்தால் மூன்று இன்ச் பொய் சொல்லும்.

இதே நாலு அளவையும் விற்பவரிடம் கேளுங்கள். மார்பு 22 என்றால் சுற்றளவு 44. உங்கள் 40 போக நாலு இன்ச் லூஸ். டிஷர்ட் மேல் போட அது போதும். ஸ்வெட்டர் மேல் போட ஆறு வேண்டும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த லைனிங் இருந்தால் இன்னொரு இன்ச் கூட்டுங்கள். மூன்றுக்குக் கீழே போனால் ஜிப் ஏறும், நீங்கள் உட்கார முடியாது.

கேள்வி (ரொறன்ரோ): அண்ணை, விற்கிற ஆள் மார்பு 24 எண்டு எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் சின்னனாக் கிடக்கு. எதை நம்புறது?

பதில்: படத்தை. ஜிப்பைத் திறந்து போட்டு அளந்திருப்பார், அல்லது கையின் தொடக்கத்தையும் சேர்த்து அளந்திருப்பார். ஹேங்கரில் தொங்கவிட்டு அளப்பவர்களும் உண்டு. டேப்போடு இரண்டு படம் கேளுங்கள்: பூஜ்ஜியம் ஓரத்தில் பதிந்திருப்பது ஒன்று, மறுமுனை எண் தெரிவது ஒன்று. நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், சாய்த்து எடுத்தால் ஒரு இன்ச் ஏமாற்றும். "56" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது சென்டிமீட்டர், 22 இன்ச்.

கேள்வி (சென்னை): தோள் மட்டும் ஒண்ணரை இன்ச் பெரிசு, மத்ததெல்லாம் பொருத்தம். டெய்லர்கிட்ட கொடுத்துப் பிடிச்சுக்கலாமா அண்ணா?

பதில்: தோளை மாற்ற முடியாது. துணியில் பிரித்த தையல் இஸ்திரியில் மறையும். தோலில் ஊசி போன துளை சாகும்வரை இருக்கும். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, கை உச்சியை மறுபடி வெட்டி, லைனிங்கையும் பிரிக்க வேண்டும். ஜாக்கெட் விலையைவிடக் கூலி கூடுதலாகிவிடும். அரை இன்ச் வரை பெரிசு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒண்ணரை இன்ச் தோள் எலும்பைத் தாண்டித் தொங்கும்.

பக்கவாட்டில் பிடிக்கலாம். கையைக் குட்டையாக்கலாம், ஆனால் மணிக்கட்டில் ஜிப் இருந்தால் அதையும் மேலே ஏற்ற வேண்டும், அதைப் பழகிய கை செய்ய வேண்டும். பெரிதாக்குவதை மட்டும் யோசிக்கவே வேண்டாம். உள்ளே மடித்திருக்கும் தோல் கால் இன்ச் தேறாது, பிரித்தால் பழைய துளை வரிசை வெளியே தெரியும்.

கேள்வி (பெங்களூரு): பைக் ஓட்ட. நிற்கும்போது கை சரியா இருக்கு, ஹேண்டிலைப் பிடித்தால் மணிக்கட்டு வெளியே வருது.

பதில்: கையை முன்னால் நீட்டினால் ஒண்ணரை, இரண்டு இன்ச் மேலே ஏறும். ஓட்டுவதற்கு வாங்கும்போது, கை தொங்கும் நிலையில் கட்டைவிரல் அடிவரை வரவேண்டும். பழைய ஜாக்கெட்டில் முழங்கை மடிப்புகள் விழுந்து நீளம் கொஞ்சம் குறைந்திருக்கும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முதுகில் தோளுக்குப் பின்னால் விரியும் மடிப்பு வைத்த மாடல் என்றால் தோள் இறுக்கம் பாதி தீரும். முழங்கையில் ஆர்மர் (விழுந்தால் அடிபடாமல் காக்கும் பேட்) வைப்பதாக இருந்தால் கையின் அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): பெர்ஃபெக்டோ மாடல் பார்த்தேன். முதுகு 24 இன்ச்தான். குட்டையா இருக்கே, தப்பான அளவா?

பதில்: தப்பில்லை. 1928இல் நியூயார்க்கின் இர்விங் ஷாட் பைக் ஓட்டிகளுக்காக வெட்டிய மாடல் அது. குனிந்து உட்காரும்போது முன்பக்கம் வயிற்றில் மடியக்கூடாது, அதனால்தான் இடுப்பிலேயே நிற்கிறது. உயரமானவர் என்றால் வேறு மாடல் பாருங்கள்.

கேள்வி (சேலம்): எனக்கு எக்ஸ்எல் சட்டை. எந்த சைஸ் வாங்கணும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (திருச்சி): தோள் ஒரு இன்ச் பெரிசு. வெந்நீரில் முக்கி வெயிலில் காயப்போட்டால் சுருங்குமாமே?

பதில்: சுருங்காது, கெட்டுப்போகும். தோளைப் பற்றி மேலே சொன்னதுதான் இதற்கும்.

மறுப்பு (திண்டுக்கல்): சுருங்காதுன்னு ஒரேயடியா சொல்லாதீங்க. தோல் ஷாப்பில் வேலை செய்றவன் நான். ஆவாரம்பட்டை போட்ட தோலைக் கொதிக்கிற தண்ணியில் போட்டா சுருண்டு பாதியாயிடும்.

பதில்: நீங்கள் சொல்வது பட்டைத் தோலுக்கு, அதாவது மரப்பட்டையில் பதனிட்டதற்கு, முழுக்கச் சரி. அது ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரியில் சுருங்கிவிடும். குரோமிய உப்பில் பதனிட்ட நல்ல குரோம் தோல் 100 டிகிரியையும் தாங்கும். கொதிநீரில் ஒரு துண்டைப் போட்டுப் பதம் பார்ப்பது அதற்குத்தானே? கடையில் வரும் ஜாக்கெட்டில் பெரும்பகுதி குரோம். வீட்டு வாளி வெந்நீர் 50 டிகிரி இருந்தால் அதிகம். அது இரண்டு தோலையுமே சுருக்காது. தோலுக்குள் ஏற்றிய எண்ணெயைத்தான் கழுவிக்கொண்டு போகும். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கும். உண்மையிலேயே சுருங்கும் சூட்டுக்குக் கொண்டுபோனால் அது தோலாகவே இருக்காது: முதலில் ரப்பர், பிறகு ஒடிகிற பலகை. லைனிங்கோ பாலியெஸ்டர், சுருங்கவே சுருங்காது. உள்ளே பை மாதிரி தொங்கும்.

மறுப்பு (திண்டுக்கல்): சரி. அப்ப வெளிநாட்டுக்காரங்க கெட்டியான குதிரைத் தோல் ஜாக்கெட்டை நனைச்சுப் போட்டுக்கிட்டே சுத்துறாங்களே, அது என்ன?

பதில்: அது சுருக்குவதில்லை, வாகாக்குவது. சாதாரணத் தண்ணீரில் நனைத்து, உடம்பிலேயே பாதி காயவிட்டு, மீதியை நிழலில் உலர்த்துவார்கள். முழங்கை, அக்குள் மடிப்புகள் அவரவர் உடம்புக்கு அமைந்துவிடும். டேப் வைத்தால் அதே அளவுதான். 1.2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தோலுக்குத்தான் அந்த வைத்தியம். மெல்லிய ஆட்டுக்குட்டித் தோலில் செய்தால் கறை படியும்.

கேள்வி (ஈரோடு): பட்டைத் தோலா குரோமா என்று வாங்குமுன் தெரியுமா?

பதில்: வெட்டிய ஓரத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடினால் குரோம். சாயம் உள்வரை ஏறியிருந்தால் இது தெரியாது. முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டையாக இருக்கலாம். பழைய பட்டைத் தோலைத் தேய்த்தால் சிவந்த பொடி உதிர்கிறதா என்றும் கேளுங்கள். உதிர்ந்தால் தோல் உளுத்துவிட்டது, எந்த அளவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி (வேலூர்): ஹேர் டிரையர் வச்சு சூடு காட்டினா?

பதில்: அதுவும் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): பெண்களுக்கும் இதே நாலு அளவுதானா சார்?

பதில்: கூடவே இரண்டு: இடுப்பு, கீழ் ஓர அகலம். மார்பு சரியாக இருந்து ஓரம் இடுப்பெலும்பில் முட்டினால் ஜாக்கெட் மேலே ஏறிக்கொண்டே போகும். உங்கள் சுற்றளவை அந்த ஓரம் வந்து நிற்கும் இடத்தில் எடுங்கள், குறைந்தது இரண்டு இன்ச் லூஸ் இருக்கட்டும்.

கேள்வி (ஓசூர்): டைட்டா இருந்தா போடப் போட இளகும்தானே?

பதில்: அகலவாட்டில் கொஞ்சம், முதுகிலும் முழங்கையிலும். பழையதில் அந்த இளக்கம் ஏற்கெனவே முடிந்திருக்கும். கைநீளமும் முதுகு நீளமும் கூடாது. தோள் கூடவே கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): பார்சல் வந்தாச்சு. ரிட்டர்ன் மூணு நாள்தான். என்ன பார்க்கணும்?

பதில்: முதலில் டேப். சொன்ன அளவுக்கும் வந்ததற்கும் அரை இன்ச் வித்தியாசம் வரலாம், அதற்குமேல் என்றால் படம் எடுத்து வையுங்கள். பிறகு எதன்மேல் போடப்போகிறீர்களோ அதன்மேல் போட்டு, ஜிப்பை மேல்வரை ஏற்றி, இரு கையையும் முன்னால் நீட்டி எதிர்த்தோளைத் தொடுங்கள். முதுகு இழுத்தால் சின்னது. நாற்காலியில் உட்காருங்கள், காலர் தாடையில் இடித்தால் முன்பக்கம் நீளம். டேக்கைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே, சென்ட் போடாமல் பாருங்கள். அந்துருண்டை வாசனை வந்தால் மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள், வெயிலில் வேண்டாம்.